பழைய இரும்பில் ஒரு சாய்வு சைக்கிள்: கட்டும் முறை முழுமையாக

ஆனி பிறந்துவிட்டால் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் சைக்கிள் மிதிப்பவனுக்கு எதிரி மேடு அல்ல, காற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மலைத்தொடர் அறுந்துபோய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று மற்ற இடங்களில் மலையில் முட்டி நிற்கிறது, இங்கே மட்டும் பாய்ந்து உள்ளே வருகிறது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு அது வரம். தோப்பு தோப்பாகப் போய்த் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கிற எனக்கு அது தண்டனை. ஆடிக் காற்றில் அம்மி பறப்பதை நான் பார்த்ததில்லை. மேற்கே போகிற சைக்கிள் நின்றுபோவதைத் தினமும் பார்த்திருக்கிறேன்.

கணக்கு எளிமையானது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். மணிக்கு 20 கிலோமீட்டரில் நீங்கள் போகும்போது அதே வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால், உங்கள் மார்பில் மோதும் காற்றின் வேகம் 40, தடை நான்கு மடங்கு. காற்றைக் குறைக்க நம்மால் முடியாது. மார்பைக் குறைக்கலாம். அதாவது நிமிர்ந்து உட்காராமல், சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி காலை முன்னால் நீட்டி மிதிக்கலாம். வெளிநாட்டில் இதை ரெகம்பெண்ட் என்கிறார்கள். இது இன்று நேற்று வந்த யோசனையும் அல்ல. 1914-இல் ஆஸ்கர் எக் ஒரு மணி நேரத்தில் 44.247 கிலோமீட்டர் மிதித்து வைத்த சாதனையை, 1933 ஜூலையில் பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர் என்பவர் சார்ல் மோஷே கட்டிய சாய்வு சைக்கிளில் 45.055 கிலோமீட்டர் போய் முறியடித்தார். மறு வருடமே சர்வதேச சைக்கிள் சங்கம் அந்த வடிவத்தைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டது. விலக்காமல் இருந்திருந்தால் இன்று கடையிலேயே வாங்கியிருப்போம், இவ்வளவு நீளமாக நான் எழுதவும் வேண்டியிருந்திருக்காது.

நான் சொல்லப்போவது நீண்ட உடலுள்ள, அதிகம் படுக்காத வகை. வேகத்தில் இதைவிடச் சிறந்த வடிவங்கள் உண்டு. ஆனால் முதல் முறை கட்டுகிறவரை இது மன்னிக்கும், ஓட்டப் பழகுகிறவரையும் மன்னிக்கும்.

எதை ஒப்பேற்றலாம், எதைக் கூடாது

காயலான் கடைக்குப் போகுமுன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். இருக்கை, செயின் உருளை, சட்டம், மட்கார்டு, ஸ்டாண்டு எல்லாவற்றையும் கையில் கிடைப்பதை வைத்து ஒப்பேற்றலாம். முன் ஃபோர்க், பிரேக் கட்டை, பிரேக் கம்பி, டயர் ஆகிய நான்கிலும் ஒப்பேற்றல் கூடாது. ஓடும்போது முன் ஃபோர்க் உடைந்தால் கீழே விழுவதற்கு முன் யோசிக்க ஒரு நொடிகூடக் கிடைக்காது. நான் ஃபோர்க்கைப் புதிதாக வாங்கினேன், ஸ்பிரிங் இல்லாத கெட்டியான இரும்பு ஃபோர்க். அதன் எந்தப் பகுதியிலும் வெல்டிங் நெருப்பு படவில்லை.

பழைய இரும்பில் தேட வேண்டியவை இவை. 26 அங்குலச் சக்கரமுள்ள ஒரு கியர் சைக்கிள். இதன் பின்பாதி நமக்கு வேண்டும். 20 அங்குலச் சக்கரமுள்ள ஒரு பிள்ளைகள் சைக்கிள். இதிலிருந்து முன் சக்கரமும் ஹேண்டில் தண்டு நுழையும் தலைக்குழலும். கியர் சைக்கிளின் இன்னொரு உடைந்த சட்டம். இதிலிருந்து பெடல் அச்சு உட்காரும் குழல் மட்டும். சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டாத சட்டம் அலுமினியம். ஊர்ப் பட்டறையில் அதைப் பற்றவைக்க முடியாது. இன்னொன்று: பெடல் அச்சைத் தாங்கி, குழலுக்குள் திருகி உட்காரும் கப்பைக் கழற்றி எடுத்துப் போய், வாங்கப் போகும் குழலில் கையால் திருகிப் பாருங்கள். மரை எல்லாச் சைக்கிளுக்கும் ஒன்றல்ல. இந்தக் கியர் சைக்கிள்களில் செயின் பக்கத்துக் கப் இடமரை. அதை வலமாகச் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் ஸ்பேனரில் குழாய் மாட்டி எதிர்ப்பக்கம் இழுத்து, கப்பை அங்கேயே அறைந்து வைத்தவன் நான்.

முன்பாதியையும் பின்பாதியையும் இணைக்கும் நடு இரும்புக்கு 40 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர் கனம், 4 அடி நீளம் போதும். மீட்டருக்குச் சுமார் 2.4 கிலோ எடை வரும். எடைக்குப் பயந்து நான் முதலில் பழைய கட்டில் சட்டத்துக் குழாயைப் போட்டேன், ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டிய கனம். இரண்டாவது வாரம் தத்தமங்கலம் போகும் வழியில் ஒரு வேகத்தடையில் அது நடுவில் வளைந்து, வண்டி தொட்டில் போல ஆனது. பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, “அண்ணா, கட்டில் படுக்கத்தான்” என்றார்.

உடம்பை அளக்க வேண்டும்

சாதாரண சைக்கிளில் சீட்டை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். இதில் சட்டத்தின் நீளமே உங்கள் காலின் நீளம். சுவரில் இடுப்பை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, செருப்போடு காலை நேராக நீட்டுங்கள். சுவரிலிருந்து குதிகாலடி வரை அளக்கச் சொல்லுங்கள். எனக்கு 104 சென்டிமீட்டர். அதில் பெடலை அச்சோடு இணைக்கும் பெடல் கையின் நீளம் 17-ஐக் கழித்தால் 87. முதுகுச் சாய்மானத்தின் அடியிலிருந்து பெடல் அச்சு வரை வர வேண்டிய தூரம் இதுதான்.

மற்ற தூரங்களை அதனோடு கூட்டுங்கள். முன் சக்கர அச்சிலிருந்து பெடல் அச்சுக்கு 48. இதைக் குறைத்தால் பெடல் முன் டயரில் இடிக்கும். பெடல் அச்சிலிருந்து சாய்மானத்துக்கு 87. சாய்மானத்திலிருந்து பின் அச்சுக்கு 42. ஆக, சக்கரத்துக்குச் சக்கரம் 177 சென்டிமீட்டர். சாதாரண சைக்கிள் ஒரு மீட்டர் சொச்சம்தான். எனவே வீட்டில் இதை எங்கே நிறுத்துவீர்கள் என்று கட்டுவதற்கு முன்பே வீட்டுக்காரியிடம் பேசிவிடுவது நல்லது.

உயரம்: பெடல் அச்சு தரையிலிருந்து 34, இருக்கை 50 முதல் 52. பெடல் அச்சின் உயரத்தில் ஏமாந்துவிடாதீர்கள். சாய்ந்து மிதிக்கும்போது குதிகால் பெடலுக்குக் கீழே தொங்கும். பிள்ளைகள் சைக்கிளின் முன்பாதியை அப்படியே வெட்டி ஒட்டினால் வேலை பாதி மிச்சம் என்று நினைத்து நான் அப்படித்தான் தொடங்கினேன். அதில் அச்சின் உயரம் 27-தான். பெடல் கீழே வரும்போதெல்லாம் செருப்பு சாலையைத் தேய்த்தது.

களத்தில் கோலம்

தாளில் வரைந்து சுருக்கி விரித்துக் குழம்ப வேண்டாம். தேங்காய் காயப்போடும் சிமெண்டுக் களம் பக்கத்தில் இருந்தால் அதுவே நல்ல வரைபடப் பலகை. ஒரு நேர்கோடு இழுங்கள், அதுதான் தரை. அதன் மேல் சாக்கட்டியால் முழு அளவில் இரண்டு சக்கரத்தையும் வரைந்து, பெடல் அச்சு, இருக்கை, சாய்மானம் எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு அந்தப் படத்தின் மேலேயே பக்கவாட்டில் படுத்து, காலை நீட்டிப் பாருங்கள். என் மகள் சிரித்தாள். ஆனாலும் சாய்மானம் நான்கு விரற்கடை பின்னால் போக வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தது அந்தப் படுக்கையில்தான்.

இந்தப் படத்தில் இரண்டு சங்கதிகளைக் கவனமாகப் பாருங்கள்.

முதலாவது, பின் முக்கோணம். கியர் சைக்கிளின் பின்பாதியை அப்படியே வைத்தால் சீட்டுக் குழாய் உங்கள் இருக்கையைத் துளைத்துக்கொண்டு நிற்கும். அதனால் பின் அச்சை மையமாக வைத்து முக்கோணம் முழுவதையும் பின்னால் சாயுங்கள், சீட்டுக் குழாய் தரையோடு 55 பாகை கோணத்துக்கு வரும் வரை. இப்போது அந்தக் குழாயே உங்கள் சாய்மானத்தின் முதுகெலும்பு. அதன் கீழ் முனையில் காலியாக இருக்கும் பெடல் குழல் 42 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறியிருக்கும். நடு இரும்பின் பின்முனை அங்கே வந்து சேரும். வெட்டி எறிய நினைத்த இரும்பு முதுகைத் தாங்க வந்து நிற்கிறது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இரண்டாவது, தலைக்குழலின் சாய்வு. தரையோடு 65 பாகை வையுங்கள். ஹேண்டில் தண்டின் கோட்டைத் தரை வரை நீட்டினால் அது டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் விழ வேண்டும். அந்த இடைவெளிதான் வண்டியை நேராக ஓட வைக்கிறது. ஃபோர்க் 4 சென்டிமீட்டர் முன்வளைவு கொண்டதாக இருந்தால் 65 பாகைக்கு இடைவெளி 7 சென்டிமீட்டர் வரும், அது சரியான அளவு. 5-க்குக் கீழே போனால் வண்டி பாம்பு போல நெளியும்.

வெட்டும் வெல்டிங்கும்

கியர் சைக்கிளில் மேல் குழாயையும் கீழ்க் குழாயையும் சீட்டுக் குழாயை ஒட்டி வெட்டுங்கள். பின் முக்கோணத்தில் கை வைக்காதீர்கள். உடைந்த இரண்டாவது சட்டத்தில் பெடல் குழலை மட்டும் தனியாக அறுக்காமல், அதிலிருந்து மேலே பிரியும் இரண்டு குழாய்களையும் ஒரு முழத்துக்கு விட்டு வெட்டுங்கள். கவட்டை போன்ற துண்டு கிடைக்கும். அந்தக் கவட்டையின் இரண்டு கிளைகளையும் நடு இரும்பின் அடியில் பற்றவைத்தால் பெடல் அச்சு முக்கோணமாகத் தாங்கப்பட்டு நிற்கும். ஒற்றைக் காலில் தொங்கவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் பக்கவாட்டில் ஆடி, ஒரு நாள் விரிசல் விடும்.

உருண்டைக் குழாய் சேரும் இடங்களில் இரும்பை அரத்தால் பிறை போலக் குடைந்து, ஒளி புகாத அளவுக்குப் பொருத்துங்கள். இடைவெளியை வெல்டிங் ராடால் நிரப்பிக்கொள்ளலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். ஜன்னல் கம்பிக்கு அது போதும், இதற்குப் போதாது. பெயிண்டையும் துருவையும் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேயுங்கள். நாக முலாம் பூசிய தண்ணீர்க் குழாயைத் தவிர்த்துவிடுங்கள். முலாம் எரியும் வெண்புகை காய்ச்சலைக் கொண்டுவரும். 2.5 மில்லிமீட்டர் ராடு, 70 முதல் 80 ஆம்பியர். சைக்கிள் குழாய் மெல்லியது, அதனால் நீளமாக இழுக்காமல் விட்டு விட்டு வைக்கச் சொல்லுங்கள்.

முதலில் எல்லா இணைப்புக்கும் பொட்டு அளவு வெல்டிங் மட்டும் வையுங்கள். பின் சக்கர அச்சை அதன் இடத்திலேயே பூட்டி வைத்திருங்கள், இல்லையென்றால் சூட்டில் இடைவெளி சுருங்கிவிடும். பிறகு ஒரு நூலை எடுத்து, பின் அச்சின் ஒரு முனையிலிருந்து தலைக்குழலைச் சுற்றி மறு முனைக்குக் கட்டுங்கள். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இரண்டு சக்கரத்தையும் மாட்டிப் பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். முன் சக்கரம் பின் சக்கரத்துக்குள் மறைய வேண்டும். கோணலாக இருந்தால் பொட்டை உடைத்துத் திருத்துவது ஐந்து நிமிட வேலை. முழு வெல்டிங்குக்குப் பிறகு என்றால் அது அழுகை.

முழுதாகப் பற்றவைத்தபின், தலைக்குழல் சேரும் இடத்தில் அடியிலும் மேலிலும் 3 மில்லிமீட்டர் தகட்டில் முக்கோணத் துண்டு வைத்துத் தாங்கு கொடுங்கள். அதிக பாரம் வருவது அங்கேதான். வண்ணம் எதுவானாலும் வெளிர் நிறமாக அடியுங்கள். விரிசல் விட்டால் துருக்கோடு அதில் உடனே தெரியும்; கறுப்பில் தெரியாது.

இருக்கை

வீட்டு மூலையில் கிடக்கும் பழைய ஒயர் நாற்காலி இதற்கென்றே செய்தது போல இருக்கும். கால்களை அறுத்துவிட்டு, உட்காரும் பகுதியை ஒரு சாண் ஆழத்துக்குச் சுருக்குங்கள். தொடை அசைய இடம் வேண்டும். முதுகு 55 சென்டிமீட்டர் இருக்கட்டும். பழைய ஒயரை அறுத்துவிட்டுக் கட்டிலுக்குப் பின்னும் நைலான் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிப் பின்னுங்கள். பஞ்சு மெத்தை வைக்க ஆசை வரும். சித்திரை வெயிலில் அரை மணி நேரம் மிதித்துப் பாருங்கள், முதுகு ஊறிப்போகும். நாடாவில் காற்று புகுந்து போகும்.

இருக்கையை நடு இரும்போடு பற்றவைக்காதீர்கள். யூ போல்ட்டில் இறுக்குங்கள், முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளலாம். சாய்மானத்தின் மேல்பகுதியிலிருந்து பின் அச்சுப் பக்கம் இரண்டு குழாய்த் தாங்கிகள் போக வேண்டும், குழாயின் முனைகளைத் தட்டித் தட்டையாக்கித் துளையிட்டால் போதும். இந்தச் சாய்மானத்தைச் சும்மா சாய்ந்துகொள்வதற்கு என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு மிதியிலும் நீங்கள் அதைப் பின்னால் தள்ளித்தான் முன்னால் போகிறீர்கள்.

ஹேண்டில்

கை எட்டும் இடத்துக்கும் தலைக்குழலுக்கும் 70 சென்டிமீட்டருக்குக் குறையாத தூரம் இருக்கிறது. அதனால் 22 மில்லிமீட்டர் இரும்புக் குழாயை நீண்ட யூ வடிவில் வளைத்து, நடுவைப் பழைய இரும்புத் தண்டில் பிடித்து, இரு கைகளையும் மடி வரை கொண்டுவர வேண்டும். வளைப்பதற்கு முன் குழாயில் உலர்ந்த மணலை இறுக்கி நிரப்பி, முனைகளை மரக்கட்டையால் அடையுங்கள், நசுங்காது. வெட்டி ஒட்டி வளைவு செய்யாதீர்கள். முட்டி இடிக்காத அகலத்தை உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள். திருப்பும்போது கை பக்கவாட்டில் வெகுதூரம் நகரும், படகுத் துடுப்பு பிடித்தது போல. இரண்டு நாளில் பழகிவிடும். பிடியில் குழாய் நழுவினால் நடுவில் ஒரு சுற்று உப்புத்தாள் வைத்து இறுக்குங்கள்.

செயின்

பெடல் அச்சும் பின் அச்சும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருப்பதால் செயின் நேராகப் போகும். குறுக்கே எந்த இரும்பும் இல்லை. முன் பற்சக்கரம் 42 பல், பின்னால் 14 முதல் 28 வரை என்றால் ஏறக்குறைய 245 கண்ணி பிடிக்கும்: இரண்டு முழுச் செயின், மூன்றாவதில் ஒரு சாண். புதிதும் பழையதும் கலக்காதீர்கள், தேய்ந்த செயின் நீண்டிருக்கும், பல்லில் ஏறிக் குதிக்கும்.

இவ்வளவு நீளச் செயின் துள்ளும், சாட்டை போல அடிக்கும். கீழ்ப்பக்கத்துச் செயினை 20 மில்லிமீட்டர் சொட்டுநீர்க் குழாய்க்குள் விட்டுவிடுங்கள். எங்கள் பக்கம் தென்னந்தோப்பில் இந்தக் குழாய் வெட்டுத்துண்டு கிடக்காத வரப்பு இல்லை. முனைகளை நெருப்பில் காட்டிப் புனல் போல விரித்து, ஒரு முனையை மட்டும் சட்டத்தோடு கட்டுங்கள். மேல்பக்கச் செயின் தொய்ந்தால் நடுவில் தாங்க ஒரு நைலான் உருளை போதும்.

பெரிய பல்லுக்கு ஆசைப்படாதீர்கள். இந்த வண்டியில் எழுந்து நின்று மிதிக்க முடியாது, உடல் எடை உதவிக்கு வராது. 42-க்கு 28 என்றால் ஒரு சுற்றுக்கு 3.1 மீட்டர் போகும். எதிர்க்காற்றில் நான் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறேன். அழுத்தி மிதிப்பவர்களுக்கு முதலில் வலிப்பது முழங்கால்.

பிரேக்

இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி, இரண்டும் புதிது. கை நடுவில் இருப்பதால் முன்னுக்கும் பின்னுக்கும் கடையில் விற்கும் பின்பிரேக் கம்பியின் நீளமே போதும். எடையில் பெரும்பகுதி பின் சக்கரத்தில் இருப்பதால் தலைக்குப்புற விழும் பயம் இதில் இல்லை. ஆனால் அதே காரணத்தால் முன் சக்கரம் லேசாக நிற்கிறது, மணலில் முன்பிரேக் பிடித்தால் சட்டென்று வழுக்கும். சாலை ஓரத்து மணலில் பின்பிரேக் மட்டும்.

சாலைக்கு எடுத்துப் போகுமுன் வண்டியை நிறுத்திப் பிடிக்கச் சொல்லி, உட்கார்ந்து பத்து முறை குதியுங்கள். பிறகு ஒவ்வொரு வெல்டிங்கையும் விளக்கு வைத்துப் பாருங்கள்.

ஓட்டப் பழகுதல்

இருபது வருடம் சைக்கிள் ஓட்டியவருக்கும் முதல் கால் மணி நேரம் குழந்தை நிலைதான். மெல்லிய சரிவுள்ள இடத்துக்குப் போங்கள். பெடலில் கால் வைக்காமல் இரண்டு காலையும் தொங்கவிட்டு உருளுங்கள். தோளைச் சாய்மானத்தில் விட்டுவிடுங்கள். தலையைத் தூக்கி முன்னால் வந்தால் வண்டி ஆடும். ஹேண்டிலை விரலால் பிடித்தால் போதும். உருளப் பழகிய பிறகு ஒரு கால், பிறகு இரு கால். கிளம்பும்போது சின்ன கியரில், பலமான காலின் பெடலை மேலே சற்று முன்னால் வைத்து ஒரே மிதி. மெதுவாகக் கூர்மையாகத் திரும்பும்போது மிதிக்காமல் திரும்புங்கள், பெடலும் டயரும் சந்திக்கும்.

குழி வந்தால் எழுந்துகொள்ள முடியாது என்பது நினைவிருக்கட்டும். முன்பே வேகத்தைக் குறையுங்கள். பின்னால் பார்க்கத் தலை திரும்பாது, ஆகவே பழைய ஸ்கூட்டர் கண்ணாடி ஒன்று கட்டாயம். விடியற்காலையில் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து கள் ஏற்றிய வண்டிகள் பறக்கும் சாலை இது, ஓட்டுநரின் பார்வைக்குக் கீழே நாம் போகிறோம். ஆளுயர மூங்கில் சிம்பு ஒன்றில் ஆரஞ்சு நிறத் துணி கட்டிப் பின்னால் நிறுத்துங்கள்.

முதல் 50 கிலோமீட்டர் முடிந்ததும் யூ போல்ட், பெடல் கை, தலைக்குழல் பால்ஸ் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். நாடாவும் அதற்குள் தளர்ந்திருக்கும், பிரித்து இன்னொரு முறை இழுத்துக் கட்டுங்கள்.